கூலி நோட்டு: மானாவாரி விவசாயிக்கு ஒரு யோசனை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படும் மக்காச்சோளமும் பருத்தியும் தை மாதம் முதல் ஒன்றன்பின் ஒன்றாக அறுவடைக்கு வருகின்றன. ஏறக்குறைய அதே நாட்களில் கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர் பகுதிகளில் சம்பா நெல் அறுவடையும் நடக்கிறது. பருத்தி எடுப்பு முடிவதற்குள் செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம் தொடங்கிவிடுகிறது. ஆக, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆள் தேவைப்படுகிறது. ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு அந்த மூன்று மாதங்களும் ஊருக்கு ஊர் கேட்கும். ஆள் கிடைக்காததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் விவசாயி தம் கையாலேயே சரிசெய்துகொள்ள முடியும். அதைப் பற்றியே இங்கு கூறப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வேப்பந்தட்டை வட்டாரத்தில் ஒரு கிராமத்திற்குப் பருத்தியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மூன்று ஏக்கரில் காய்கள் வெடித்து இரண்டாம் எடுப்புக்குத் தயாராக நின்றன. முதல் எடுப்புக்கு வந்த பத்துப் பெண்களில் ஒருவர்கூட வரவில்லை. காரணம் கேட்டபோது விவசாயி, "கூலி கூட்டிக் கேட்கிறார்கள் ஐயா" என்றார். ஆட்களைக் கூட்டிவரும் பெண்மணியைத் தெருவில் கண்டு விசாரித்தபோது அவர் சொன்னது வேறு. முதல் எடுப்பின்போது ஒருநாள் மழை தூறி, காலை பத்து மணிக்கே வேலை நின்றுவிட்டது. அதை அரைநாளாக எழுதவேண்டும் என்பது பெண்களின் கணக்கு. அன்று பறித்ததற்கு மட்டும் கிலோக் கணக்கில் கொடுத்தாகிவிட்டது என்பது விவசாயியின் கணக்கு. இதோடு, ஆனி மாதம் ஒருவர் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதிலும் தகராறு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது இரு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் 650 ரூபாய். அதைப் பேசி முடிப்பதற்குள் தை மழை இரண்டு நாள் பெய்து, வெடித்த பஞ்சு செடியிலேயே நனைந்து பழுப்பேறிவிட்டது. அந்தச் சரக்குக்கு ஏலத்தில் என்ன விலை கிடைத்திருக்கும் என்பதைப் பருத்தி விவசாயிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரு தரப்பிலும் யாரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. இருவரிடமும் எழுத்து இல்லை. அவ்வளவுதான்.

உரக்கடை, மருந்துக்கடை ரசீதுகளைக் கவனமாகச் செருகி வைக்கும் விவசாயிகள் பலர் உண்டு. கூலியை மட்டும் மனக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் செலவில் பெரியது எது? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இதில் வரும் கூலி விவரம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டது. தங்கள் ஊர் நிலவரத்தை அதில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஏக்கர் மானாவாரிப் பருத்தி. களை இருமுறை எடுக்க, முறைக்கு 10 பேர் வீதம் 20 ஆள். ஆளுக்கு 350 ரூபாய் என்றால் 7,000 ரூபாய். மருந்து தெளிக்க நான்கு தடவை, தடவைக்கு 600 வீதம் 2,400 ரூபாய். மகசூல் 6 குவிண்டால். எடுப்புக் கூலி கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 7,200 ரூபாய். கையைவிட்டுப் போன கூலி மட்டும் 16,600 ரூபாய். அதாவது குவிண்டாலுக்கு ஏறத்தாழ 2,767 ரூபாய். இதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. விவசாயியும் அவர் மனைவியும் விதை ஊன்றியது, உரம் வைத்தது, காவல் இருந்தது, பஞ்சு காயவைத்தது எல்லாமாக 24 ஆள் வேலை என்று கொள்வோம். வெளி ஆளுக்கு உள்ள கூலியையே போட்டால் 8,400 ரூபாய். இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாய். குவிண்டாலுக்கு 4,167 ரூபாய்.

நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். நம் எடுத்துக்காட்டில் அதில் பாதிக்கு மேல் உழைப்புக்கே போகிறது. விதை, உரம், மருந்து, உழவு, வண்டி வாடகை எல்லாம் மீதியில்தான் அடங்கவேண்டும்.

குடும்ப உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதைப் பற்றிச் சிலர், "நம் வயலில் நாம் வேலை செய்வதற்கு யார் கூலி கொடுப்பது?" என்று சிரிப்பதுண்டு. ஆதரவு விலையை நிர்ணயிக்கும்போது அரசே இதைச் சேர்த்துத்தான் பார்க்கிறது. கைப்பணமாகச் செலவழித்ததோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பையும் கூட்டி, அந்த அடக்கத்திற்கு ஒன்றரை மடங்காவது விலை இருக்கவேண்டும் என்பது இப்போதுள்ள முறை. அந்த வகையில் 2025-26க்குப் பருத்தியின் அடக்கம் 5,140 ரூபாய் என்றும், மக்காச்சோளத்தின் அடக்கம் 1,508 ரூபாய் என்றும் கணக்கிடப்பட்டது. மக்காச்சோளத்தின் ஆதரவு விலை 2,400 ரூபாய். இந்த அடக்கக் கணக்குக்கு ஆதாரமாக உள்ள சாகுபடிச் செலவுக் கணக்கெடுப்பைத் தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தி வருகிறது. விவசாயிகளின் வீட்டுக்கு வந்து கேட்டு எழுதும் கணக்குதான் அது. கேட்கும்போது "இருபது ஆள் இருக்கும், முப்பது ஆள் இருக்கும்" என்று உத்தேசமாகச் சொன்னால், உத்தேசமான விலைதான் வரும். மனைவியின் உழைப்பைச் சொல்லவே மறந்துபோகும் ஆண்கள் அதிகம் என்பதும் எங்கள் அனுபவம்.

நோட்டை எப்படி எழுதுவது?

பெரிய பேரேடு எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச்செல்லும் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். முதல் பாதி நாள்வாரிக் கணக்கு. தேதி, எந்தக் காடு, என்ன வேலை, யார் யார், முழுநாளா அரைநாளா, பேசிய கூலி, கொடுத்தது, நிற்பது ஆகியவை ஒரே வரியில் வரவேண்டும். கிலோக் கணக்கு வேலையானால் நாளுக்குப் பதில் எடை. குடும்பத்தாரின் வேலையையும் அதே வரிசையில் எழுதி, "கொடுத்தது" என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம். அன்றன்று பொழுது சாய்வதற்குள் எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதும் நோட்டுக்கும் மனக்கணக்குக்கும் அதிக வேறுபாடு இல்லை.

எழுதியதை ஆட்கள் முன்னிலையில் உரக்கப் படிப்பது மிக முக்கியம். படிக்கத் தெரியாதவர் இருந்தாலும், காதால் கேட்ட கணக்கை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தவறு இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்கள். அன்று வேப்பந்தட்டைப் பக்கத்தில் நடந்தது போன்ற தகராறு பெரும்பாலும் மூன்று வாரம் கழித்துத்தான் கிளம்பும். அன்றைக்கே படித்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மழையால் வேலை நின்றால் எத்தனை மணி வரை கால்நாள், எத்தனை மணி வரை அரைநாள் என்பதையும் பருவத் தொடக்கத்திலேயே பேசி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது.

நோட்டின் பிற்பாதியில் முன்பணம் வாங்கியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் ஆனி மாதத்தில் ஒருவர் 3,000 ரூபாய் வாங்குகிறார், நாளொன்றுக்கு 100 ரூபாய் கழித்துக்கொள்வதென்று பேச்சு என்றால், 30 வேலைநாளில் கணக்கு தீரவேண்டும். ஒவ்வொரு நாள் கழிக்கும்போதும் மீதியை எழுதி, அவரிடம் சொல்லி, கையெழுத்தோ கைநாட்டோ பெறலாம். அதே கணக்கை அவருடைய சிறு நோட்டு ஒன்றிலும் எழுதிக் கொடுப்பது இன்னும் மேல். இரண்டு நோட்டு இருக்கும் இடத்தில் சந்தேகம் குறைவு.

முன்பணத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. முன்பணம் வாங்கியவருக்கு மட்டும் கூலியைக் குறைத்துப் போடுவதும், கணக்கு தீரும்வரை வேறு யார் காட்டுக்கும் போகக்கூடாது என்று கட்டுப்படுத்துவதும் சில இடங்களில் வழக்கமாகவே பேசப்படுகிறது. இது வழக்கம் அல்ல, குற்றம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டத்தின்படி கடனுக்காக ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போட்டால் அந்தக் கடனே செல்லாது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. கையில் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு தாமே பிறர் வயலுக்குக் கூலிக்குப் போகும் விவசாயி, அறியாமல் இந்த வழக்கில் போய் விழக்கூடாது. முன்பணத்தை வெறும் கைமாற்றாக வைத்துக்கொள்ள வேண்டும். கூலி எல்லோருக்கும் ஒன்றே.

கிலோக் கூலியா, நாட்கூலியா?

பருத்தி எடுப்பில் கிலோக் கூலி பரவலாக உள்ளது. முதல் இரண்டு எடுப்புகளுக்கு அது பொருத்தமானதே. செடி நிறைய பஞ்சு வெடித்திருக்கும்போது ஒருவர் 30 கிலோ எடுத்தால், கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 360 ரூபாய் கிடைக்கும். கடைசி எடுப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் வெடித்திருக்க, நாள் முழுதும் அலைந்து 15 கிலோதான் எடுக்க முடியும். அன்றைய வரும்படி 180 ரூபாய். வேறு காட்டில் களையெடுத்தால் 350 கிடைக்கும் நாளில் யார் வருவார்கள்? "கடைசி எடுப்புக்கு ஆளே வருவதில்லை" என்று குறைப்படுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். நோட்டில் எடையும் பெயரும் இருந்தால் இது தானாகத் தெரிந்துவிடும். ஒருவரின் சராசரி வரும்படி ஊர் நாட்கூலிக்குக் கீழே இறங்கும் அன்றே கிலோவுக்குக் கூட்டித் தரலாம். அல்லது நாட்கூலிக்கு மாறலாம். நாட்கூலி கொடுத்தும் கட்டுப்படியாகாத அளவுக்குப் பஞ்சு குறைந்திருந்தால், அந்த எடுப்பை விட்டுவிட்டுச் செடியைப் பிடுங்கிவிடுவதே மேல் என்பதையும் அதே நோட்டு சொல்லும். காய்ந்த செடியைக் காட்டில் நிறுத்தி வைப்பது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு விருந்து வைப்பதாகும்.

கிலோக் கூலியில் அவசரம் காரணமாகச் சருகும் காம்பும் பஞ்சோடு வருவதுண்டு. இதைத் தவிர்க்கக் காலைப்பொழுதில், சருகு பனியில் நமுத்திருக்கும்போதே எடுக்கும்படி நாங்கள் சொல்கிறோம். அப்போது சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது. ஆனால் பனி நனைந்த பஞ்சு எடை கூடுதலாக இருக்குமே என்று விவசாயிக்கு மனத்தாங்கல். காயவைத்து எடை போட்டால் நம் கூலி குறையுமே என்று பெண்களுக்கு மனத்தாங்கல். காட்டிலேயே, எடுத்தவுடன், எல்லோர் எதிரிலும் எடை போடுவது என்று வைத்துக்கொண்டு, ஈரத்துக்கு ஏற்பக் கிலோக் கூலியை முன்கூட்டியே பேசிவிடுவதுதான் சரி. சுத்தமாக எடுப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள்; ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்தில் அது திரும்பி வர வாய்ப்பு உண்டு.

செட்டிகுளம் பகுதிச் சின்ன வெங்காயத்திலும் இதே விதிதான். பிடுங்குவதற்கு நாட்கூலி, தாள் அறுத்துச் சுத்தம் செய்வதற்கு எடைக் கூலி என்று பிரித்துப் பேசினால், பட்டறையில் போடும் காயில் அடிபட்டது குறையும்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அளவுக் கூலி வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அது மருந்து தெளிப்பு. டேங்குக்கு இவ்வளவு என்று பேசினால், எத்தனை டேங்க் அடிக்கிறோமோ அவ்வளவு காசு என்ற அவசரம் வந்துவிடுகிறது. முகத்துணி கட்டுவதில்லை, காற்றுக்கு எதிராகத் திரும்புவதைக் கவனிப்பதில்லை, உச்சி வெயிலிலும் நிறுத்துவதில்லை. 2017ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்து தெளித்தவர்கள் நச்சேறி இறந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபின் தெளிப்பு வேலை இன்னும் பெருகிவிட்டது. தெளிப்பவருக்கு ஒருவேளைக்கு இவ்வளவு என்று நல்ல கூலியாகப் பேசி, காலை பத்து மணியோடு நிறுத்திவிட வேண்டும். அந்தக் கூலிக்குள் கையுறை, முகத்துணி, சோப்பு, குளிக்கத் தண்ணீர் எல்லாம் அடக்கம் என்று கொள்ளுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதையும் அன்றைய வரியிலேயே எழுதி வைத்தால், எவருக்கேனும் மயக்கம் வந்தால் மருத்துவரிடம் காட்ட உதவும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையெனில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சொல்வதும் வேலை கொடுப்பவரின் கடமைதான்.

சட்டம் கேட்பது என்ன?

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சையில் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968இல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமைக்குப்பின் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலித் தகராறு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அந்த வரலாறே சாட்சி. பண்ணையார்கள் குறைந்து, இன்று வேலை கொடுப்பவரும் வேலைக்கு வருபவரும் பல ஊர்களில் ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ளவர்கள். ஆனாலும் கூலிச் சட்டம் இருவருக்கும் பொருந்தும்.

2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதவர் பதிவேடு, ஊதியச் சீட்டு முதலியன வைக்கத் தேவையில்லை என்று இதில் விலக்கு தரப்பட்டுள்ளது. இதைக் கேட்டவுடன் பலர் நிம்மதியாகிவிடுவார்கள். அதற்கு அடுத்த வரியையும் படிக்கவேண்டும்: அதிகாரி கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான சான்று காட்டவேண்டும். கூலி தரவில்லை என்று ஒருவர் முறையிட்டால், கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கொடுத்தவரையே சேரும். முறையிட மூன்றாண்டு காலக்கெடு உண்டு. மூன்றாண்டுக்கு முன் கொடுத்த கூலியை எந்த மனக்கணக்கால் மெய்ப்பிப்பது? களையெடுப்புக்கும் எடுப்புக்கும் பத்துப் பேரை வைப்பவருக்கு அந்த விலக்கும் கிடைக்காது.

இன்னும் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். நாட்கூலியை அன்று வேலை முடிந்ததும், வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலைநாளிலும் கொடுத்துவிட வேண்டும். முன்பணம் உள்பட எந்தப் பிடித்தமும் கூலியில் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது 1976 முதலே சட்ட விரோதம். மருந்தடிப்பும் களையெடுப்பும் வேறு வேறு வேலைகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போது அக்கம்பக்கமாக நின்று ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலியில் வித்தியாசம் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கூலியைப் பேசுமுன் அரசு நிர்ணயித்துள்ள குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய் என்பதும் ஒரு அளவுகோல்.

கூலிப் பணத்தைத் தனியே வையுங்கள்

கணக்கு ஒழுங்காக இருந்தும் கையில் பணம் இல்லாவிட்டால் பயன் இல்லை. நம் எடுத்துக்காட்டில் எடுப்புக் கூலி 7,200 ரூபாயும் சரக்கு விலைபோவதற்கு முன்பே தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் வியாபாரியிடம் கைநீட்டுவதும், அவர் சொன்ன விலைக்குச் சரக்கைக் கொடுப்பதும் நேர்கிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதியில் திருப்பிச் செலுத்தினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. அந்தக் கடனில் எடுப்புக் கூலிக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைத்து, பொங்கலுக்குப் பிறகு எடுக்கலாம். எவ்வளவு விட்டுவைப்பது என்பதைச் சென்ற ஆண்டு நோட்டு சொல்லும். நோட்டு எழுதியவருக்குத்தான் இந்த வசதி.

இப்போது கைப்பேசி மூலம் பணம் அனுப்பும் வழக்கம் சிற்றூர்களிலும் வந்துவிட்டது. அனுப்பிய தேதியும் தொகையும் தானே பதிவாகிவிடுவதால் சான்றுக்கு இது நல்ல வழி. ஒன்றை மட்டும் கவனிக்கவும். கைப்பேசி இல்லாத பெண்ணின் கூலியை அவர் கணவர் எண்ணுக்கு அனுப்புவதாக இருந்தால், அதற்கு அந்தப் பெண்ணே சம்மதம் சொல்லவேண்டும். வெயிலில் குனிந்து களையெடுத்தவர் கைக்கு அந்தக் காசு போகாவிட்டால், அடுத்த வாரம் அவர் வேறு காட்டுக்குப் போய்விடுவார். சம்மதிக்காதவருக்கு ரொக்கமாகவே கொடுத்து, நோட்டில் கைநாட்டு வாங்கிவிடலாம்.

இந்த ஆண்டு பருத்தி போடுகிறவர்கள் விதை வாங்கும் அன்றே நோட்டையும் வாங்கிவிடலாம். முதல் வரியில் கோடை உழவுக்கு டிராக்டர்காரருக்குக் கொடுத்ததை எழுதுங்கள். அடுத்த வரியில், அன்று வரப்பு வெட்டிய தங்கள் ஒரு நாளையும் எழுதுங்கள்.